வாசலில் காத்திருந்த இருவர்: ‘என் சரித்திரம்’, ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ஆகிய தன்வரலாறுகளில் இடர் கடத்தல்

ஆய்வுச்சுருக்கம்

இடர்களைக் கடந்து உயர்ந்தோரின் வாழ்க்கை வரலாறுகள் தமிழ்ச்சூழலில் பெரும்பாலும் தனிமனித முயற்சியின் வெற்றிக் கதைகளாகவே வாசிக்கப்படுகின்றன. அவ்வாசிப்பு இடரின் தன்மையை ஆராயாமல், அதன் அளவை மட்டுமே நோக்குகிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் தம் வரலாற்றை எழுதிய உ.வே.சாமிநாதையர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய இருவரின் தன்வரலாறுகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டிலும் கல்வியின் வாசலில் ஓர் இளைஞன் காத்திருக்கிறான். ஆனால் அவர்கள் காத்திருக்கும் காரணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இவ்வேறுபாடே ‘இடர் கடத்தல்’ என்னும் கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய தேவையை உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, இடர், கல்வி, சாதி, வறுமை, பெயர், பொதுவெளி.

முன்னுரை

தமிழில் தன்வரலாறு என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1855இல் பிறந்த சாமிநாதையர், 1940ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் 1942இல் மறையும் காலம்வரை ‘ஆனந்த விகடன்’ இதழில் இதனைத் தொடராக எழுதினார். 122 இயல்களைக் கொண்ட அத்தொடர் 1950இல் நூலாக வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், 1939இல், இரட்டைமலை சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். 1860ஐ ஒட்டிப் பிறந்த அவர், சாமிநாதையரைவிடச் சில ஆண்டுகளே இளையவர். ‘பறையன்’ இதழின் ஆசிரியராகவும், சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பேராளராகவும் விளங்கியவர். 1945இல் மறைந்தார்.

ஒரே தலைமுறையைச் சேர்ந்த இவ்விருவரும் முதுமையில் தம் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூல்கள் ஓராண்டு இடைவெளியில் வாசகரை எட்டத் தொடங்கின. எனினும் இவை அருகருகே வைத்து வாசிக்கப்படுவது அரிது. முன்னது இலக்கிய வரலாற்றின் ஆவணமாகவும், பின்னது தலித் அரசியல் வரலாற்றின் ஆவணமாகவும் தனித்தனித் துறைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. இரண்டையும் கல்வி தேடிய இளைஞர்களின் வரலாறுகளாகச் சேர்த்து வாசிக்கும்போது வெளிப்படும் உண்மைகளை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

‘நீ யார்?’ என்னும் வினா

‘என் சரித்திரம்’ நூலின் முற்பகுதி வறுமையின் வரலாறு. குடும்பத்தின் கடன், கைவிட்டுப்போன நிலம், தந்தை வேங்கடசுப்பையர் இசையையும் கதாப்பிரசங்கத்தையும் நம்பி ஊர்விட்டு ஊர் சென்ற வாழ்க்கை ஆகியவை விரிவாகப் பதிவாகியுள்ளன. அரியலூர், குன்னம், செங்கணம் எனக் குடும்பம் இடம்பெயரும் ஒவ்வோர் ஊரிலும் இளம் சாமிநாதையருக்குத் தமிழ் சொல்லித்தரும் ஒருவர் கிடைக்கிறார். அரியலூரில் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என அவ்வரிசை நீள்கிறது. இறுதியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டை அடைந்து, அவர் வரவுக்காகத் தந்தையும் மகனும் காத்திருக்கின்றனர். பிள்ளை வந்து, அவர்கள் யார், எங்கிருந்து வருகின்றனர், மகன் இதுவரை கற்றது யாது என வினவுகிறார். மகன் பாடல் சொல்லிப் பொருளும் கூறுகிறான். ஐயங்களும் தயக்கங்களும் நீங்கியபின் மாணவனாக ஏற்கப்படுகிறான்.

இக்காட்சியில் ‘நீ யார்?’ என்னும் வினா கதவைத் திறக்கும் திறவுகோலாக அமைகிறது. ஊர், குடும்பம், தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சொல்வதே அறிமுகமாகிறது. அவ்வறிமுகத்தின் பின் உணவுக்கும் தங்குவதற்கும் வழி பிறக்கிறது. நூல் முழுவதும் இவ்வமைப்பு மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காணலாம். புதிய ஊர், புதிய வினா, விடை, அதன் பயனாகக் கிடைக்கும் ஓர் ஆதரவு.

சீனிவாசன் தம் கோயம்புத்தூர்க் கல்விக்காலத்தை விவரிக்கும் பகுதி சில வாக்கியங்களே கொண்டது. ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அக்கல்விக்கூடத்தில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்றும், சாதிக் கட்டுப்பாடுகள் கடுமையாகப் பின்பற்றப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார். பிற மாணவருடன் பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடும் என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் செல்வார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டிப்பிடிக்க இயலாதவாறு விரைந்து வீடு சேர்வார். சக மாணவருடன் கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணி மனம் வருந்தியதையும் அவர் பதிவு செய்கிறார்.

இங்கும் ஓர் இளைஞன் கல்வியின் வாசலில் காத்திருக்கிறான். ஆனால் சாமிநாதையர் அறியப்படுவதற்காகக் காத்திருந்தார். சீனிவாசன் அறியப்படாமல் இருப்பதற்காகக் காத்திருந்தார். முன்னவருக்கு வரவேற்பாக அமைந்த அதே வினா, பின்னவருக்கு அச்சுறுத்தலாக அமைந்தது. இருவரும் ‘இடர்களுக்கிடையே கற்றவர்கள்’ என்று ஒரே தொடரால் சுட்டும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வறுமையும் விலக்கமும்

இவ்வொப்பீடு சாமிநாதையர் பட்ட துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதன்று. பசியும் கடனும் உண்மையானவை. அவற்றைத் தயக்கமின்றி எழுதியது அந்நூலின் நேர்மைக்குச் சான்று. பெரும்புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையே வறுமையில் வாடியதையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளையின் மாணவர் குழாத்தில் சவேரிநாத பிள்ளை போன்ற கிறித்தவரும் இசுலாமியரும் இருந்தமை அக்கல்வி மரபின் விரிவைக் காட்டுகிறது. அதே வேளையில், ஆசிரியர் வீட்டில் மாணவர் உண்ண இயலாமையால் உணவுக்கு வேறிடத்தில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததையும் நூல் காட்டுகிறது. அங்கும் சாதி உண்டு. ஆனால் சாமிநாதையரைப் பொறுத்தவரை அது வேறோர் ஏற்பாட்டால் கடக்கத்தக்க இடையூறு.

வறுமை என்னும் இடர், ஒருவர் கொடுத்தால் குறைவது. விலக்கம் என்னும் இடர் அத்தகையதன்று. சீனிவாசன் படித்த பள்ளியில் ஆசிரியர் இருந்தார், பாடம் இருந்தது, வகுப்பில் இருக்கையும் இருந்தது. இல்லாதிருந்தது தோழமை. ஒருவரின் கொடையால் அதனை வழங்கிவிட இயலாது. ஆகவே அவரது நூலில் புரவலர்களின் வரிசையை எதிர்பார்க்க இயலாது. அதற்கு மாறாக, விண்ணப்பங்கள், கூட்டங்கள், தீர்மானங்கள் ஆகியவற்றின் வரிசையே இடம்பெறுகிறது. இந்தியக் குடிமைப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசுத் தரப்பின் கோரிக்கை 1893இல் வலுத்தபோது, அது உயர்சாதியினரின் ஆதிக்கத்தையே பெருக்கும் எனக் கருதி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பத்துடன் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு எதிர்விண்ணப்பம் அனுப்பியது அவற்றுள் ஒன்று. இடரின் இயல்பே அதனை எதிர்கொள்ளும் முறையையும், அதனைச் சொல்லும் வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்பது இதனால் புலனாகிறது.

சூட்டிய பெயரும் ஏற்ற பெயரும்

இரு நூல்களிலும் பெயர் குறித்த நிகழ்ச்சிகள் திருப்புமுனைகளாக அமைந்துள்ளன. வேங்கடராமன் என்னும் பெயருடையவராய், வீட்டில் ‘சாமா’ என அழைக்கப்பட்டவருக்குச் ‘சாமிநாதன்’ என்னும் பெயர் நிலைக்கக் காரணமானவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஆசிரியர் விரும்பிய பெயரே தமிழுலகம் அறிந்த பெயராயிற்று. அது ஒரு மரபினுள் ஏற்கப்பட்டதன் அடையாளம்.

சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ எனப் பெயரிட்டார். பள்ளிப்பருவத்தில் எச்சொல் வெளிப்பட்டுவிடும் என அஞ்சி விரைந்து நடந்தாரோ, அச்சொல்லையே முகப்பில் அச்சிட்டார். இழிவுச் சொல்லாக வழங்கப்பட்ட பெயரை மறைக்கும்வரை அதன் இழிவு நீங்காது; அதனை உரிமையுடன் உரைத்தால்தான் உரிமை கோர இயலும் என்பது அவர் நிலைப்பாடு. இந்நிலைப்பாடு அக்காலத்தில் அனைவராலும் ஏற்கப்பட்டதன்று. அவருடைய உறவினரும் சிந்தனையாளருமான அயோத்திதாசர் அப்பெயரை ஏற்காமல், ‘பூர்வ பௌத்தர்’ என்னும் அடையாளத்தை நோக்கிச் சென்றார். இக்கருத்து வேறுபாட்டின் சரி தவறு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், கோயம்புத்தூர்ப் பள்ளி வாசலை நினைவிற்கொண்டு நோக்கும்போது, இதழின் பெயர் வெறும் அரசியல் உத்தியாகத் தோன்றவில்லை. ஒளிந்து நின்ற சிறுவனுக்கு வளர்ந்த மனிதர் அளித்த விடையாகவே தோன்றுகிறது.

முடிவடையும் இடரும் முடிவடையாத இடரும்

சாமிநாதையரின் பொருளியல் இடர் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் தணிகிறது. 1876இல் ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். தியாகராச செட்டியாரின் முயற்சியால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அதன்பின் நூலின் களம் ஏட்டுச்சுவடிகளுக்கு மாறுகிறது. சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் தொடங்கிய தேடல் 1887இல் ‘சீவக சிந்தாமணி’ப் பதிப்பாக நிறைவுற்று, ‘பத்துப்பாட்டு’, ‘சிலப்பதிகாரம்’, ‘புறநானூறு’ எனத் தொடர்ந்தது. இடர்கள் இல்லாமற்போகவில்லை, ஆனால் அவை இனி நூல் பற்றிய இடர்கள்.

சீனிவாசன் பெற்ற பதவிகளும் பட்டங்களும் அவர் இடரை இவ்வாறு முடித்துவைக்கவில்லை. தாம் உயர்ந்த பின்னும் தம் மக்கள் பொதுவழியில் நடக்க இயலாத நிலை நீடித்ததால், தம் வெற்றி என்று எதனையும் தனித்துச் சுட்ட அவருக்கு இயலவில்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் ஒடுக்கப்பட்டோர் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தியது. பிறர் எட்டாதவாறு விரைந்து நடந்த சிறுவனின் நினைவோடு இத்தீர்மானத்தை இணைத்து வாசித்தால், அந்நூலின் உள்ளோட்டம் விளங்கும். அச்சமின்றி, அவசரமின்றி, எவரும் ஒரு தெருவில் நடக்க இயல வேண்டும் என்பதே அவர் கருதிய வெற்றி.

நூலின் தலைப்பிலுள்ள ‘சுருக்கம்’ என்னும் சொல்லும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அச்சுச் செலவு, பொதுவாழ்வினரின் எழுத்து வழக்கம் போன்ற காரணங்களும் அதற்கு இருக்கலாம். வார இதழ் ஒன்றின் பரந்த வாசகர் திரள் சாமிநாதையருக்கு வாய்த்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும், தம் துயரைச் சில வாக்கியங்களில் முடித்துவிட்டுப் பொதுப்பணிக்கு விரையும் அந்நடையில், வகுப்பு முடிந்ததும் விரைந்து சென்ற சிறுவனின் பழக்கம் எஞ்சியிருக்கிறது எனக் கருத இடமுண்டு.

‘தன்னம்பிக்கை’ வாசிப்பின் குறைபாடு

மேடைகளிலும் வகுப்பறைகளிலும் வாழ்க்கை வரலாறுகள் எடுத்துரைக்கப்படும்போது, ‘அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது?’ என்னும் வினாவுடன் அவை நிறைவுறுவது வழக்கம். இவ்வினா இரு நூல்களுக்கும் நியாயம் செய்வதில்லை.

சாமிநாதையர் தம் உயர்வைத் தனிமுயற்சியின் விளைவாக எங்கும் சித்திரிக்கவில்லை. உணவளித்தோர், பாடம் சொன்னோர், சுவடி கொடுத்தோர் என அனைவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அவ்வகையில் ‘என் சரித்திரம்’ ஒரு நன்றியறிதல் நூல். அதிலிருந்து ஆதரித்தோரை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வது, நூலாசிரியரே மறுக்கும் வாசிப்பாகும். சீனிவாசனோ தம் இடரைத் தாங்கிக்கொண்ட திறத்தைப் பாராட்டுமாறு கேட்கவில்லை. அவ்விடர் இருந்திருக்கவே கூடாது என்கிறார். அவ்வகையில் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ஒரு முறையீட்டு நூல். நன்றியை முயற்சியாகவும், முறையீட்டை முன்மாதிரியாகவும் திரித்துவிடும்போது, இடரைத் தோற்றுவித்த சமூகம் கேள்விக்கு உட்படாமல் தப்பிவிடுகிறது. வெளியே நிற்கும் மாணவனிடம் ‘நீயும் முயல்க’ என்று மட்டும் சொல்வது, அவன் ஏன் வெளியே நிற்கிறான் என்று கேளாமலிருப்பதற்கான வழியாகிவிடுகிறது.

அவ்வாறாயின் இவ்வரலாறுகள் ஊக்கம் தரக்கூடாதா என்னும் வினா எழலாம். தரலாம், தருகின்றன. ஆனால் அவ்வூக்கம் கற்போரை நோக்கியதாக மட்டும் அமையாமல், கற்பிப்போரையும் நிறுவனங்களையும் நோக்கியதாகவும் அமைய வேண்டும். ஒரு மாணவனை ஏற்ற மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் செயலும், ஒரு மாணவனைத் தனித்து நிற்கவிட்ட பள்ளியின் அமைதியும் ஆசிரியர்கள் தமக்குரிய பாடங்களாகக் கொள்ளத்தக்கன.

முடிவுரை

ஒரே தலைமுறையில் எழுந்த இரு தன்வரலாறுகளை ஒப்பிட்டதன் வழி, ‘இடர்’ என்பது ஒருபடித்தானதன்று என்பது தெளிவாகிறது. பிறர் ஆதரவால் தணியும் இடர் வேறு. பிறரின் விலக்கத்தால் உண்டாகும் இடர் வேறு. முன்னது விரிந்த நன்றியுரையாகவும், பின்னது சுருங்கிய முறையீடாகவும் வடிவம் பெற்றுள்ளன. வாழ்க்கை வரலாறுகளை ஆராய்வோர், ஒருவர் எவ்வளவு துன்புற்றார் என்பதோடு நில்லாமல், ‘நீ யார்?’ என்னும் வினாவை அவர் எதிர்கொள்ள நேர்ந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் நோக்க வேண்டும். இவ்விரு நூல்களையும் ஒரே பாடத்திட்டத்தில் அடுத்தடுத்து வைப்பது அதற்கான எளிய தொடக்கமாக அமையும். இன்றும் நம் வகுப்பறைகளுள் மணி அடித்த பின்னரே நுழையும் மாணவர் உளர். அவர்கள் காலந்தாழ்த்தி வருவதன் காரணம் சோம்பல்தானா எனக் கேட்கும் பழக்கத்தையேனும் இவ்வாசிப்பு நமக்கு அளிக்க வேண்டும்.