உறிஞ்சுவதா, உருவுவதா?

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் ஒன்றைக் கட்டி அடைத்துக்கொண்டால், நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் செத்துப்போகின்றன. 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்கிற அமெரிக்க நரம்பியல் டாக்டர் போட்ட கணக்கு இது.

அந்தக் கட்டியை இப்போது மண்டையைத் திறக்காமலே எடுக்கிறார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ துளை போட்டு, கதீட்டர் என்கிற மெல்லிய குழாயைக் கழுத்து வழியாக மூளை வரை அனுப்புகிறார்கள். பெயர் த்ராம்பெக்டமி. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் டாக்டர்களுக்குள் கட்சிகள்.

முதல் கட்சி, உருவுகிற கட்சி. ஸ்டென்ட் போன்ற கம்பி வலையைக் கட்டிக்குள் விரித்து, சிக்கியதும் வலையோடு இழுத்துவிடுவார்கள். இரண்டாவது, உறிஞ்சுகிற கட்சி. கொஞ்சம் அகலமான குழாயைக் கட்டியின் வாயில் வைத்து பம்ப் போட்டு இழுப்பார்கள். இளநீர் குடிக்கும்போது வழுக்கை ஸ்ட்ராவில் வந்து ஒட்டிக்கொள்ளுமே, அந்த டெக்னிக். மூன்றாவது, நமக்குப் பழக்கமான கூட்டணி. இரண்டையும் சேர்த்துச் செய்வது.

எது ஒசத்தி? பிரான்ஸில் 2017-ல் ஆஸ்டர், அமெரிக்காவில் 2019-ல் காம்பஸ் என்று இரண்டு ஆராய்ச்சிகள், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தன. உருவியதும் உறிஞ்சியதும் கிட்டத்தட்ட சமம். 2021-ல் வந்த ஆஸ்டர்-2-ல் கூட்டணிக்கும் தெளிவான மெஜாரிட்டி கிடைக்கவில்லை.

அடுத்த சண்டை மயக்க மருந்து. முழு மயக்கம் கொடுத்தால் நோயாளிக்குக் கெடுதல் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். பழைய ரெகார்டுகளும் அப்படித்தான் சொல்லின. ஆனால் மோசமான நிலைமையில் வந்தவர்களுக்குத்தானே பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்திருப்பார்கள்? 2016-லிருந்து 2018-க்குள் ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க் மூன்று இடத்திலும் குலுக்கல் முறையில் பார்த்தபோது கெடுதல் தெரியவில்லை. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் முழு மயக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நன்றாகவே தேறியிருந்தார்கள். "என் அனுபவத்துல சொல்றேன்" என்று யார் ஆரம்பித்தாலும், டாக்டரே ஆனாலும், கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேளுங்கள்.

ஆக, கைக்குக் கை வேறுபடுகிற டெக்னிக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பின் எதில் இருக்கிறது?

2013-ல் மூன்று பெரிய ஆராய்ச்சிகள் 'கட்டி எடுப்பதால் பிரயோஜனமில்லை' என்றன. 2015-ல் ஐந்து ஆராய்ச்சிகள் வரிசையாக 'உண்டு' என்றன. நடுவில் நல்ல கருவிகள் வந்தன. அதோடு, பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் ஆஞ்சியோ ஸ்கேனில் பார்த்துக்கொண்டார்கள். சீக்கிரம் ஆரம்பித்தார்கள். அந்த ஐந்தையும் சேர்த்தால் 1,287 நோயாளிகள். மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்கள், கட்டி எடுத்தவர்களில் 100-க்கு 46 பேர். எடுக்காதவர்களில் 26 அல்லது 27.

46-தான், கவனியுங்கள். நூறு இல்லை. பஞ்சில் ஒட்டிய கட்டியின் போட்டோவைக் காட்டி "சக்ஸஸ்" என்றால், குழாய் திறந்தது என்று மட்டும் அர்த்தம். ஆள் எழுந்து நடந்தாரா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு வாய் கோணுகிறது, வலது கை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னங்க, பி.பி. ஏறிடுச்சா? கொஞ்சம் சுடுதண்ணி குடிங்க" என்று அரை மணி போகும். (எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், புரையேறும்.) தெருமுனை க்ளினிக்கில் ஒரு ட்ரிப்ஸ். அடுத்த நர்ஸிங் ஹோமில் சாதா ஸி.டி. "ஸ்கேன் நார்மல்தான் சார்!" ஆரம்ப மணி நேரங்களில் சாதா ஸி.டி. ரத்தக்கசிவு இல்லை என்று நம்பிச் சொல்லும். அடைப்பு இல்லை என்று சொல்லாது. மூன்றாவது இடத்துக்குப் போவதற்குள் விடிந்துவிடும்.

இத்தனைக்கும் போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் என்று பூந்தமல்லியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆவடியிலிருந்து சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச். இருபது கிலோமீட்டருக்கு மேல். தூரம் மட்டும் பிரச்னை இல்லை. எந்த வாசலில், எந்த ராத்திரியில், யார் ரெடி என்று நமக்குத் தெரியாததுதான் பிரச்னை.

முதலில் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவதே தப்பு என்றும் சொல்ல முடியாது. ஸ்பெயினின் கேட்டலோனியாவில் 1,401 பேரை வைத்துப் பார்த்து 2022-ல் வெளியான முடிவு: நேரே பெரிய இடத்துக்குப் போனாலும், பக்கத்து ஸ்ட்ரோக் சென்டர் வழியாகப் போனாலும் பலன் ஒன்றுதான். ஆனால் அங்கே பக்கத்து சென்டர் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறது. கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டு, உடனே அனுப்புகிறது. ட்ரிப்ஸ் ஏற்றி உட்கார வைப்பதில்லை.

'24 மணி நேரம் வரை எடுக்கலாமாமே?' என்று கேட்பீர்கள். 2018-ல் வந்த டான் ஆராய்ச்சி அப்படிச் சொன்னது, மூளையில் இன்னும் காப்பாற்றப் பாக்கி இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தவர்களுக்கு மட்டும். அது தாமதத்துக்கு லைசென்ஸ் அல்ல.

என் புகார் இதுதான். நம் ஆஸ்பத்திரிகள் போர்டில் மெஷின் பெயர் போடுகின்றன, டாக்டர் வாங்கிய பட்டங்களைப் போடுகின்றன. மூன்று நம்பரைப் போடுவதில்லை: வருஷத்துக்கு எத்தனை த்ராம்பெக்டமி, வாசலில் நுழைந்ததிலிருந்து துளை போடும் வரை எத்தனை நிமிஷம், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் தானாக நடக்கிறார்கள்.

அதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு நன்றாக இருக்கும்போதே, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேளுங்கள்: "ஸி.டி. ஆஞ்சியோ இருக்கா? கட்டி எடுக்கிற டாக்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு வருவாரா?" பதிலைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

உறிஞ்சுவதா உருவுவதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.