அலுமாரிப் பீங்கான் – ஒரு சமுதாய நோக்கு

கலைப்பொருளை அதன் அழகினால் மட்டும் அளவிடுவது முழுமையான விமர்சனமாகாது. அது யார் கையிற் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாக்களும் விமர்சனத்தின் பாற்பட்டவையே.

தெல்லிப்பழையில் எமது அம்மம்மாவின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியை நான் கண்டதில்லை. 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்வோடு அது போயிற்று. பல்லாண்டுகளின் பின் காணியைத் துப்புரவாக்கியபோது கிடைத்தது நீலப் பூவேலைப் பீங்கானின் துண்டொன்றே. அதிலே ஒரு பாலமும் பறவையொன்றின் சிறகும் எஞ்சியிருந்தன.

இது ‘வில்லோ’ கோலம் எனப்படுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சீனச் சித்திரங்களைத் தழுவி இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. செப்புத் தகட்டிற் செதுக்கி, மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளிலிருந்து பாத்திரத்திற்கு மாற்றினர். செல்வந்தன் மகளும் அவனது கணக்கனும் காதலித்துப் பாலத்தின் வழியே தப்பியோடிப் பறவைகளாயினர் என்பது அதற்குரிய கதை. இக்கதையும் சீனத்ததன்று, ஆங்கிலேயர் புனைந்ததே. எனினும் தராதரத்தை மீறிய காதலைச் சித்திரித்த பாத்திரம் எமது வீடுகளில் தராதரத்தைக் காத்து நின்றமை சிந்திக்கத்தக்கது.

அக்கால வீட்டிலே பாத்திரங்களுக்கும் வரிசையுண்டு. வீட்டாருக்கும் உறவினருக்கும் மூக்குப்பேணி. உதடு படாது அண்ணாந்து குடிக்கலாம். புளியும் சாம்பலும் இட்டு மினுக்கலாம். பீங்கான் கோப்பையோ வாய்வைத்துக் குடிப்பதற்குரியது. ஆகவே அது உத்தியோகத்தருக்கும் வேற்றுச் சமயத்தவருக்கும் எடுக்கப்பட்டது. அங்கே உபசாரமும் விலக்கலும் ஒரே செயலாயின. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உழைப்பாளிக்குக் கோடிப்புறத்திற் சிரட்டையே கிடைத்தது.

இது துப்புரவு பற்றிய வழக்கமேயன்றிச் சாதி பற்றியதன்று என்பர் சிலர். மெருகிட்ட பீங்கான் எச்சிலை உறிஞ்சுவதில்லை, சிரட்டையே உறிஞ்சும். மேலும், ‘போன் சைனா’ எனும் உயர்வகைப் பீங்கானிற் ஏறத்தாழப் பாதி மாட்டெலும்புச் சாம்பலாகும். புலாலுண்ணாத வீட்டு அலுமாரியிலும் அதற்குக் கௌரவ இடம் கிடைத்தது. எனவே தீட்டு என்பது பொருளின் இயல்பன்று. மனிதர் மீது மனிதர் சுமத்திய மதிப்பீடே என்பது தெளிவாகிறது.

1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் தேநீர்க்கடைகளிற் சமமான பாத்திரத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. 1968 இல் எமது அயலிலுள்ள மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இவ்வரலாற்றிற் பிறந்தது. ஒரு குவளைத் தேநீர் எத்துணைப் பெரிய உரிமையாகும் என்பதை அலுமாரிப் பீங்கானின் பூக்கள் எமக்குச் சொல்வதில்லை. அத்தகைய இலக்கியமே சொல்கிறது.

இது முடிந்துபோன கதையா? வீட்டை மீளக் கட்டியபோது மேசன்மாருக்குத் தேநீர் கொண்டுசென்றவன் நான். அவர்களுக்குப் பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கோப்பை; எமக்குப் பூப்போட்ட பீங்கான். கழுவுவது இலேசு என்றார்கள் வீட்டார். நானும் மறுவார்த்தை பேசவில்லை. சிரட்டை ஒழிந்தது உண்மையே. ஆயினும் அதன் இடம் இன்னும் வெறுமையாகவில்லை என்பதை அன்று என் கையிலிருந்த தட்டமே உணர்த்திற்று. முன்னோரைக் குறைகூறுமுன் அத்தட்டத்தை விமர்சித்தல் எம்போன்ற மாணவரின் முதற் கடனாகும்.