கண் என்னும் உருவகம்: ராடார் விம்பமும் மட்டக்களப்பு வாவியும்

விமானத்திலிருந்து நிலத்தைப் படமாக்கும் ராடாரைப் பற்றி எழுதுவோர், அதனை இருளையும் முகிலையும் ஊடுருவிக் காணும் கண் என வருணிப்பது வழக்கமாகிவிட்டது. உருவகம் கவர்ச்சியானது, ஆயின் பொருந்தாதது. கவிதையில் உருவகம் பொருந்தாவிடின் சுவை கெடும், அவ்வளவே. வெள்ளக் காலத்தில் எந்தக் கிராமத்துக்கு முதலில் தோணி அனுப்புவது என்பதை ராடார் விம்பத்தைக் கொண்டு தீர்மானிக்கும்போதோ அப்பொருந்தாமை உயிரோடு தொடர்புடையதாகிறது.

கண் பிறிதொன்று தரும் ஒளியை ஏற்கிறது. ராடார் தானே அலையை அனுப்பி, அதன் எதிரொலிக்குச் செவி சாய்க்கிறது. இதற்கு நெருங்கிய உவமை மட்டக்களப்பிலேயே உண்டு. நிலாக் காலத்தில் தோணியிலிருந்து துடுப்பை நீருள் ஊன்றி, அதன் மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்பது இப்பிரதேசத்து மரபு. ஒரு துடுப்பு ஓசை உண்டென்பதைக் கூறும்; அது எத்திசையினது என்பதைக் கூறாது. வரிசையாகப் பலர் அமர்ந்து, யாருக்கு முன்னும் யாருக்குப் பின்னும் ஓசை எட்டியது என ஒப்பிட்டால் திசை புலப்படும். அன்ரெனா அணியின் தத்துவம் இதுவே. அணியின் சிறு உறுப்புகள் ஒவ்வொன்றினதும் அலை அவத்தையை வேண்டியவாறு மாற்றினால், ஒரு திசையில் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். ஏனைய திசைகளில் பெரிதும் அழிந்துவிடும். நாசா நிறுவனத்தின் யூ.ஏ.வி.சார் என்னும் விமான ராடாரில், காற்றினால் விமானத்தின் முகம் திரும்பினாலும் கற்றையைப் பழைய திசைக்கே மீட்பது இம்முறையாகும். வெவ்வேறு நாள்களில் எடுத்த விம்பங்களை ஒப்பிட இது இன்றியமையாதது.

அந்த ராடாரின் அலைநீளம் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். அன்ரெனாவின் நீளம் ஏறக்குறைய 1.5 மீற்றர். இவ்வளவில் எழும் கற்றை 10 கிலோமீற்றர் தொலைவில் 1.6 கிலோமீற்றர் அகலமாக விரிந்துவிடும். வாவியின் ஒடுங்கிய பகுதிகளில் எழுவான்கரையும் படுவான்கரையும் அதனுள் ஒன்றாகிவிடும். இத்தடையை நீக்கும் வழியை 1951இல் கார்ல் வைலி கண்டார். பறக்கும் பாதையின் ஒவ்வோர் இடத்திலும் பெற்ற எதிரொலிகளைச் சேர்த்துக் கணித்தால், ஒரு சிற்றன்ரெனா மிக நீண்ட அணியாகத் தொழிற்படும். அப்போது பிரித்தறியும் நுண்மையின் எல்லை அன்ரெனா நீளத்தின் பாதி. அதாவது 75 சென்ரிமீற்றர். சிறிய அன்ரெனா நுணுக்கமான விம்பத்தைத் தருகிறது என்பது முரணாகத் தோன்றும். எனினும் அது மேலும் சிறுத்தால் வலு குன்றும்; போலி எதிரொலிகளும் பெருகும்.

போலிகள் வேறு வழியாலும் வரும். உறுப்புகளுக்கிடையிலான தூரம் அலைநீளத்தை விஞ்சினால், முதன்மைக் கற்றைக்கு நிகரான இன்னொன்று வேறு திசையில் எழும். அங்குள்ள பொருள் இங்குள்ளதாகத் தோன்றும். பக்கக் கற்றைகளை அடக்க ஓர உறுப்புகளின் வலுவைக் குறைப்பர். அதற்கு விலையாக முதன்மைக் கற்றை அகன்றுவிடும். எதிரொலிகளைச் சேர்க்கும் கணிப்பிலும் இதே பேரம் உண்டு. ஆகவே கல்லடியின் பழைய இரும்புப் பாலம் போன்ற பேரொளிப் பொருளின் சிதறல், அருகே நிற்கும் மரத்தோணியின் மெல்லிய எதிரொலியை மறைத்துவிடக்கூடும். விம்பத்தில் இல்லாதது நீரிலும் இல்லாதது என முடிவுசெய்தல் தகாது.

வாவியோ இச்சிக்கலை மேலும் பெருக்குகிறது. அமைதியான நீர் அலையை அப்பால் தெறிக்கச் செய்வதால் கருமையாகத் தெரியும். பெரும்போகத்தில் படுவான்கரை வயலில் பயிருக்காகத் தேங்கிய நீரும், 2011 சனவரியில் வந்ததுபோன்று பயிரை அழிக்கும் வெள்ளமும் ஒரே கருமையைப் பெறலாம். கண்டற் காட்டிலோ நிலை மறுதலை. நெடிய அலை இலைகளை ஊடுருவி, நீரிலும் அடிமரத்திலும் பட்டு மீள்வதால், வெள்ளம் புகுந்த காடு பிரகாசமாகும். 2014இல் ஏவப்பட்ட சென்ரினல்-1 செய்மதியின் 5.6 சென்ரிமீற்றர் அலை பெரும்பாலும் மேலிலைகளிலிருந்தே மீள்கிறது. 2025 யூலை 30ஆம் திகதி சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் 24 சென்ரிமீற்றர் அலையையும் கையாள்வதால் இக்குறையை ஓரளவு தீர்க்கும். எனினும் கருமை எங்கே பயிர் நீர், எங்கே அழிவு என்பதைக் கூற, வெள்ளத்துக்கு முந்திய விம்பமும் வயற்காரனின் சொல்லும் தேவை.

விஞ்ஞானக் கருவியின் விளைவை விமர்சிப்பது கலைப்பீடத்தாரின் வேலையன்று எனச் சிலர் கருதலாம். ஒலியின் கணிதத்தைக் கொண்டு பழந்தமிழ் இசையை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் இவ்வாவிப் பிரதேசத்தவரே. ராடார் விம்பம் கண்ட காட்சியன்று. ஓர் அணி இயற்றிய வாசகம். அணியிலக்கணம் அறியாதவன் செய்யுளைப் பிழைபட உரைப்பான்; அன்ரெனா அணியின் இலக்கணம் அறியாதவன் வெள்ளத்தைப் பிழைபட உரைப்பான். முன்னவனின் பிழையை அடுத்த உரையாசிரியர் திருத்தலாம். பின்னவனின் பிழைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.