ஓடும் டீமனை ஒட்டுக்கேட்பது

லிப்விர்ட்டை வைத்து மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு பிழைச்செய்தி பழக்கமானது. இயந்திரத்தின் நிலையை மாற்றுவதற்கான பூட்டு கிடைக்கவில்லை, நேரம் கடந்துவிட்டது என்கிற செய்தி. 30 விநாடி காத்துப் பார்த்துவிட்டுத்தான் லிப்விர்ட் கையை விரிக்கிறது. பூட்டை எந்த வேலை பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் பிந்தைய பதிப்புகள் சொல்லிவிடும். அந்த வேலை ஏன் முடியவில்லை என்பதை எந்தப் பதிப்பும் சொல்லாது.

சிக்கல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் நாம் தட்டிய கட்டளை ஆர்பிசி வழியாக, பின்னணியில் ஓடும் லிப்விர்ட் டீமனுக்குப் போகிறது. டீமன் அதை ஜேசான் செய்தியாக்கி, சாக்கெட் மூலம், இயந்திரத்தை இயக்கும் கியூஇஎம்யூவுக்கு அனுப்புகிறது. அதற்கும் கீழே கெர்னல், சேமிப்பகம். ஓடும் நிரலை நிறுத்தாமல் உள்ளே நடப்பதைக் கவனிக்கும் டைனமிக் டிரேசிங் பயன்படுவது இந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவில்தான்.

2005இல் சோலாரிஸ் 10 உடன் வந்த டிடிரேஸ் இந்த முறையைப் பரவலாக்கியது. லினக்ஸில் அந்த இடத்துக்கு வந்தது சிஸ்டம்டேப். லிப்விர்ட் தன் நிரலுக்குள்ளேயே இதற்கான புரோப்களைப் பதித்து வைத்திருக்கிறது. யாரும் கவனிக்காதபோது ஒரு புரோப் என்பது ஒன்றும் செய்யாத ஒரு கட்டளை மட்டுமே. கவனிக்கத் தொடங்கினால் அந்த இடத்தில் பிரேக்பாயின்ட் உட்காரும். டீமனை நிறுத்தவோ மறுபடி தொடங்கவோ வேண்டாம்.

கியூஇஎம்யூவுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளைக்கும் லிப்விர்ட் ஓர் அடையாள எண் தருகிறது. பதிலும் அதே எண்ணோடு திரும்பும். அனுப்பியது தெரிகிறது, பதிலைக் காணோம் என்றால் டீமனைக் குறை சொல்ல முடியாது. பதில் வந்தும் விர்ஷ் காத்திருக்கிறது என்றால் டீமனைத்தான் பிடிக்க வேண்டும். முதல் வகைக்கு, பதில் தராத என்எஃப்எஸ் சர்வரில் கியூஇஎம்யூ மாட்டிக்கொண்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இந்தப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் அதே ஸ்கிரிப்ட்டிலேயே சிஸ்டம்டேப் கெர்னலுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். லிப்விர்ட்டின் லாக் கோப்பு எதுவும் இவ்வளவு கீழே இறங்காது.

ஆனால் லாக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை. டீபக் லாக்கை முழுதாகத் திறந்தால் வெள்ளம் வரும், அமைப்பை மாற்ற டீமனை மறுபடி தொடங்க வேண்டும் என்பது டிரேசிங் ஆதரவாளர்களின் பழைய வாதம். இப்போது விர்ட்-அட்மின் கருவியால் ஓடும் டீமனிலேயே வடிகட்டியை மாற்றலாம். கியூஇஎம்யூ உரையாடலை மட்டும் பதிவு செய்யலாம். செய்திகளை அச்சிட்டுப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் அதுவே போதும். டிரேசிங்கின் பலம் கணக்கிடுவதில்: எந்தக் கட்டளைக்குப் பதில் வர எவ்வளவு நேரம், அதன் பரவல் என்ன, எந்தக் கிளையன்ட் தொல்லை தருகிறது. பலரும் அதை வெறும் அச்சிடும் கருவியாகவே வைத்திருக்கிறார்கள். கருவியின் குறை இல்லை அது.

கருவிக்கென்று குறைகளும் உண்டு. டெட்லாக்கில் உறைந்துபோன டீமனுக்குள் எதுவும் நடப்பதில்லை. நடக்காத பேச்சை ஒட்டுக்கேட்க முடியாது. அங்கே பிழைதிருத்தியான ஜிடிபியை இணைத்து எல்லா திரெட்களின் ஸ்டாக்கையும் எடுப்பதே சரி. அதே ஜிடிபி ஓடும் டீமனை நிறுத்திவிடுவதால், நேரத்தைச் சார்ந்த ரேஸ் பிழைகள் அதன் முன் ஒளிந்துகொள்ளும். அவற்றுக்கு டிரேசிங் மேல். பிழை நடந்து முடிந்த பிறகு வந்தால் டிரேசிங்கால் ஒன்றும் ஆகாது. முன்பே பதிவான லாக் இருந்தால்தான் உண்டு.

புரோப் பதிக்காத இடத்தில் ஃபங்ஷன் பெயரைப் பிடித்துத் தொங்க வேண்டும். கம்பைலர் அதை இன்லைன் செய்துவிட்டால் பிடி நழுவலாம். ஒரே டீமனாக இருந்த லிப்விர்ட் பின்னர் தனித்தனி டீமன்களாகப் பிரிந்ததில், டீமனின் பழைய கோப்புப் பாதையை நேரடியாக எழுதி வைத்த ஸ்கிரிப்ட்களுக்கும் இதே கதிதான்.

சர்வர்களை இயக்கும் குழுக்கள் முரண்டு பிடிப்பது வேறொன்றுக்காக. சிஸ்டம்டேப் வழக்கமாக ஸ்கிரிப்ட்டை சி நிரலாக்கி, கெர்னல் மாட்யூலாகக் கட்டி ஏற்றுகிறது. அதற்குக் கம்பைலர் வேண்டும், கெர்னலுக்குள் பார்க்க அதற்கு ஒத்த டீபக் தகவல் வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமும் வேண்டும். வாடிக்கையாளர் இயந்திரங்கள் ஓடும் ஹோஸ்ட்டில் இதையெல்லாம் அனுமதிக்கத் தயங்குவது நியாயமே. இபிபிஎஃப் அடிப்படையிலான பிபிஎஃப்டிரேஸ் மாட்யூல் தொல்லையை நீக்கியது. ஆனால் அது படிக்கும் சரங்களுக்கு நீள வரம்பு உண்டு, நீண்ட ஜேசான் பதில் பாதியில் அறுந்துபோகும். மாட்யூலை வேறொரு கணினியில் கட்டி எடுத்துவந்து ஏற்றவும் சிஸ்டம்டேப் இடம் தருகிறது. ஆனால் எந்தக் கெர்னல் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதற்கு மட்டுமே அது பொருந்தும். ஹோஸ்ட்டின் கெர்னலைப் புதுப்பித்தால் மாட்யூலையும் புதிதாகக் கட்ட வேண்டும்.