இரும்பு சொல்லும் வேகம்

வானியலில் ஆர்வமுள்ள யாரும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய படம் ஒன்று உண்டு: பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் எக்ஸ் கதிர் நிறமாலை. 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் பதிவுசெய்தது. தரவு பொதுவில் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் அதை ஏற்றி, 6,580 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பப்பா! பழைய சிசிடி கருவிகளில் ஒரே மொத்தை மேடாகத் தெரிகிற இடம், இதில் கூர்மையான சிகரங்களாகப் பிரிந்து நிற்கிறது. 24 எலெக்ட்ரான்களை இழந்து, மிச்சம் இரண்டோடு தவிக்கும் இரும்பு அணுக்களின் ஒளி அது. கிட்டத்தட்ட 24 கோடி ஒளியாண்டு தாண்டி வந்திருக்கிறது.

கேலக்ஸிகளுக்கு இடையே பல கோடி டிகிரியில் கொதிக்கும் வாயு நிறைந்திருக்கிறது. கொத்திலுள்ள விண்மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த வாயுவின் நிறைக்கு ஈடாகாது. அது எவ்வளவு வேகமாக அலைகிறது? நம்மை நோக்கி வரும் அணுவின் ஒளி ஆற்றலில் சற்றுக் கூடும், விலகிப் போவதன் ஒளி சற்றுக் குறையும். ஆகவே நிறமாலையில் கூர்மையான சிகரமாகத் தெரியும் கோடு அகன்றுவிடும். வெப்பமும் கோட்டை அகலமாக்கும்தான், ஆனால் இரும்பு கனமான அணு. வெப்பத்தால் அது அதிகம் துள்ளாது. கொந்தளிப்பை அளக்க இதைவிடத் தோதான சாட்சி கிடைக்குமா!

கிடைத்த விடை நொடிக்கு 164 கிலோமீட்டர். பூமியில் அது புயலுக்கும் அப்பாற்பட்ட வேகம், ஆனால் அந்த வாயுவில் ஒலியே நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் போகிறது. நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை பெரும் குமிழிகளை ஊதிக்கொண்டிருக்க, சுற்றிலும் இத்தனை அமைதி! கொந்தளிப்பின் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் 4 சதவீதம்தான். வாயுவைத் தாங்குவது வெப்ப அழுத்தமே என்று வைத்து, கொத்தின் நிறையை வாயுவின் வெப்பநிலையிலிருந்து கணக்கிடுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

இந்த வேகத்தால் கோட்டில் ஏற்படும் விலகல் நாலு எலெக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. அதைப் பிடிக்க உணரியைத் தனிச்சுழியத்துக்கு மேல் 0.05 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் வந்து விழுந்தால் உணரி சூடாகும் அந்தத் துளியூண்டு வெப்பத்தை வைத்தே அதன் ஆற்றலை எடைபோடுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பிப்ரவரியில் ஏவப்பட்ட ஹிட்டோமியை மார்ச்சிலேயே இழந்தோம். ஆனால் அதே வகைக் கருவியோடு 2023 செப்டம்பரில் எக்ரிஸம் செயற்கைக்கோள் கிளம்பியது. உணரிக்கு முன்னால் இருக்கும் மூடி திறக்கவில்லை, தாழ்ந்த ஆற்றல் கதிர்கள் உள்ளே வருவதில்லை. இரும்பின் கோட்டுக்கு அது தடையே இல்லை! சென்டாரஸ் கொத்தின் மையத்தில் வாயு மொத்தமாக நொடிக்கு 130 முதல் 310 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கமாக நகர்வதை அது அளந்துவிட்டது. எப்போதோ இன்னொரு கொத்து மோதியதன் தளும்பல் அது. கோமா கொத்தும் வந்தாயிற்று. புதுத் தரவு பொதுவுக்கு வரும்போதெல்லாம், நான் முதலில் தேடிப் போவது இரும்பின் கோட்டைத்தான்.