சாலையை விட்டு இறங்காத வண்டி

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 1927-ல் முதன்முதலாகப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டபோது, அந்த ஆண்டு முழுக்க உள்ளே வந்தவை மூன்றே கார்கள். இன்று விடுமுறைக் காலத்தில் அதன் தெற்கு வாசல்களில் விடியும் முன்பே வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பகலில் வந்துபோகும் பயணிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் நிலம். சிங்கமும் யானையும் திரியும் அந்த நிலத்தில், விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த சாதாரணக் காரை, வழிகாட்டி இல்லாமல், ஓட்டுநர் உரிமம் உள்ள எவரும் ஓட்டிப்போகலாம். காட்டைப் பார்க்க இதைவிடச் சுதந்திரமான வழி இல்லை என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. ஒன்றும் அறியாதவர்களைக் கானுயிர்களுக்கு நடுவே அவிழ்த்துவிடுகிறார்கள் என்று கண்டிப்போரும் உண்டு. இரு தரப்பும் பேசாமல் விடுகிற ஒரு விதிக்காகவே நான் இந்த முறையை மதிக்கிறேன்: வண்டி சாலையை விட்டு இறங்கக் கூடாது.

அந்த விதி படமெடுப்பவருக்கு முதலில் எரிச்சல் தரும். நூறு மீட்டர் தள்ளி மரநிழலில் சிங்கம் படுத்திருக்கும்; போய் நெருங்க முடியாது. பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சேண்ட் போன்ற தனியார் காப்பகங்களில் வழிகாட்டி புதருக்குள் வண்டியை விட்டு, சிறுத்தையின் மீசை தெரியும் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். இரண்டுக்கும் இடையே இருந்த வேலி 1993-ல் எடுக்கப்பட்டுவிட்டது. அதே விலங்குகள்தான் இரு பக்கமும் நடமாடுகின்றன. ஆனால் அங்கே ஒரே ஓர் இரவுக்கான கட்டணத்தில், பூங்காவின் முகாம்களில் ஒரு குடும்பம் பல நாள் தங்கிவிடலாம். சொந்தக் காரில் சமையல் சாமானும் பிள்ளைகளுமாக வந்திறங்கும் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்குக் காடு எட்டும் பொருளாக இருப்பது இந்த முறையால்தான். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். வழிகாட்டியின் வண்டியில் நேரம் உங்களுடையது அல்ல. மூன்று மணி நேரச் சுற்றில் ஆறேழு பேரை மகிழ்விக்கவேண்டிய பொறுப்பு அவருக்கு. ஒருவருக்குப் பறவை பிடிக்கும், இன்னொருவருக்குச் சிங்கம் தவிர எதுவும் வேண்டாம். லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செட் டேம் என்ற சிறு நீர்த்தேக்கம் சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே வண்டியை அணைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருக்கலாம். நீர்யானைகளின் முதுகில் கொக்குகள் ஏறி நிற்கும். கரையில் முதலை வாய் பிளந்து கிடக்கும். மீன்கொத்தி அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்தத் திரும்பிவருதலைக் கவனித்தவருக்குத்தான் அது பாயும் கணத்தின் படம் கிடைக்கும். எப்போது கிளம்புவது என்ற முடிவு தன் கையில் இருக்கும்போதுதான் காத்திருத்தல் கைகூடும். நாமே ஓட்டிப்போவதன் முதல் லாபம் இது.

இரண்டாவது லாபம் கண்ணுக்குக் கிடைக்கும் பயிற்சி. புதிதாக வருபவர் முழு விலங்கைத் தேடுவார். புத்தகத்தில் உள்ளது போலப் பக்கவாட்டில், வெட்டவெளியில் நிற்கும் என்று எதிர்பார்ப்பார். புதர்க்காட்டில் தெரிவது ஒரு காது, தொங்கும் வால்நுனி, செங்குத்தான அடிமரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஓடும் ஒரு முதுகுக்கோடு. தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம் அனுமதி. இருபதைத் தாண்டினாலே இந்தத் துணுக்குகள் கண்ணில் சிக்குவதில்லை. புதரைப் பார்க்காமல் புதரின் ஊடே பார்க்கப் பழகவேண்டும்.

அதைவிட முக்கியம், மற்ற உயிர்களின் பார்வையைக் கடன் வாங்கக் கற்பது. இம்பாலா மான்கள் க்ரூகரில் லட்சத்தைத் தாண்டும். இரண்டாம் நாளே யாரும் அவற்றுக்காக வண்டியை நிறுத்துவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் மேய்ச்சலை விட்டு, ஒரே திசையில் முகம் திருப்பி, மூக்கால் சீறி நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. ஆற்றோர மரங்களில் குரங்குகள் விடாமல் கத்தினால் கீழே சிறுத்தை இருக்கலாம். பிணந்தின்னிக் கழுகுகள் மரக்கிளைகளில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் தரையில் இரைக்கு உரியவர் இன்னும் தின்றுகொண்டிருக்கலாம். அவையே தரையிறங்கிச் சண்டையிட்டால் பெரும்பாலும் சிங்கம் எழுந்து போய்விட்டிருக்கும். விடியற்காலை மண்சாலையில், நேற்றைய டயர்த் தடத்தின் மேல் பதிந்த பாதம் இரவு நடந்தது. தடத்துக்கு அடியில் நசுங்கியது பழையது. இவற்றை வழிகாட்டி வாயால் சொல்லக் கேட்கலாம். ஆனால் நாமே பிழையாக ஊகித்து, வெறும் புதரைக் கால் மணி நேரம் பார்த்து, மறுமுறை சரியாக ஊகிக்கும்போதுதான் அது நம் அறிவாகிறது.

படமெடுப்பதற்குக் கார் தரும் வசதியைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தலைமுறைகளாக வண்டிகளைக் கண்டு பழகிய விலங்குகளுக்கு அமைதியாக நிற்கும் கார் அச்சம் தரும் உருவமாகத் தோன்றுவதில்லை. சன்னலில் இடுப்புவரை எம்பி நின்றால் அந்த உருவம் உடைந்து மனித உருவம் வெளிப்பட்டுவிடும். உடம்பின் எந்தப் பகுதியும் வெளியே நீளக் கூடாது என்ற பூங்கா விதி நம் பாதுகாப்புக்கு மட்டும் வந்ததல்ல. முக்காலிக்குக் காருக்குள் இடமில்லை. சன்னல் விளிம்பில் பயறோ அரிசியோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் 400 மில்லிமீட்டர் லென்ஸை அமர்த்தினால் போதும். எஞ்சினை அணைத்தால் அதிர்வும் இல்லை. இன்னொன்று, சாதாரணக் காரின் தாழ்ந்த இருக்கை. தங்கும்விடுதிகளின் உயரமான திறந்த வண்டியிலிருந்து எடுத்தால் விலங்கைக் குனிந்து பார்க்கும் படம்தான் வரும். காரில் இருந்து எடுக்கும்போது சிங்கத்தின் கண்ணும் நம் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அந்தச் சமமட்டம் படத்துக்குத் தரும் கண்ணியத்தை எந்த விலையுயர்ந்த லென்ஸும் தந்துவிடாது.

அதே தாழ்ந்த இருக்கை மழைக்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, பகையாகிவிடும். புல் காரின் சன்னல்வரை வளர்ந்து நிற்க, பத்தடியில் படுத்திருக்கும் கழுதைப்புலி கூடத் தெரியாது. அதனால்தான் புல் காய்ந்து, விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளுக்கு வந்தே ஆகவேண்டிய மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தை அனுபவசாலிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளிச்சத்துக்கும் எல்லை உண்டு. காலை பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று நெளியத் தொடங்கினால் தூரத்து விலங்கின் விளிம்புகள் உருகிப்போகும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏசி ஓடும் காரின் சன்னலை இறக்கியவுடன் எடுத்த படங்கள் மங்கலாவதும் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் லென்ஸுக்கு முன்னால் கலப்பதால்தான். அந்திக்குள் முகாம் வாசல் அடைக்கப்படுவதால் இரவு விலங்குகளின் உலகம் முழுதும் கைக்கு எட்டாமல் போகிறது. பூங்கா நடத்தும் இரவுச் சுற்றில் சேர்ந்தால் மட்டுமே அதில் கொஞ்சம் பார்க்கலாம்.

இவை இயல்பான குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவை வேறு. ஒரே ஆள் வண்டி ஓட்டவும், காட்டைத் துழாவவும், கேமராவைத் தூக்கவும் முயலும்போது மூன்றில் ஒன்று கெடும். பெரும்பாலும் கெடுவது ஓட்டுதல். சிறுத்தை ஒன்று சாலையோர மரத்தில் இருப்பது தெரிந்துவிட்டால் இருபது முப்பது கார்கள் எதிரும் புதிருமாகச் சாலையை அடைத்துவிடும். பின்னால் நிற்பவர் முன்னால் நுழைவார். முன்னால் உள்ளவர் நகரமாட்டார். விலங்கு சாலையைக் கடக்க வழி தேடி நிற்கும். கைப்பேசிச் செயலிகள் வந்தபின் இது முற்றிவிட்டது. எங்கே எது தெரிகிறது என்பது உடனுக்குடன் பரவ, காரை விரட்டிக்கொண்டு அங்கே பாய்கிறார்கள். 2016-ல் தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் நிர்வாகம் இத்தகைய செயலிகளால் அதிவேகமும் நெரிசலும் வண்டியில் அடிபட்டு விலங்குகள் இறப்பதும் கூடுவதாகச் சொல்லி வெளிப்படையாக எதிர்த்தது. நான் நிர்வாகத்தின் பக்கம். செயலியைப் பார்த்து ஓட்டுபவர் மேலே சொன்ன இரண்டு லாபங்களையும் தானே துறக்கிறார். காத்திருப்பதும் இல்லை, கற்பதும் இல்லை. வழிகாட்டியின் அறிவும் கிடையாது. இரு முறைகளின் குறைகள் மட்டும் அவரிடம் வந்து சேர்கின்றன.

அறியாமையின் விலையை விலங்கு கட்டிய நிகழ்வும் உண்டு. 2013-ன் கடைசி நாட்களில் க்ரூகரில் மதம் பிடித்த ஆண் யானை ஒன்று இரு பயணிகள் இருந்த காரைக் கவிழ்த்தது. உள்ளே இருந்த பெண் பலத்த காயமடைந்தார். யானை சுட்டுக் கொல்லப்பட்டது. கன்னப்பொறியில் வழியும் நீர், பின்னங்கால்களை நனைக்கும் சிறுநீர்ச் சொட்டு, நிமிர்ந்த தலை: இந்த அடையாளங்களைக் கண்டவுடன் பின்வாங்கி இடம் விடவேண்டும் என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கவேண்டிய பாடம். வாசலில் அனுமதிச் சீட்டு தரும்போதே இதைச் சொல்லி, புரிந்ததா என்று கேட்ட பிறகே உள்ளே விடவேண்டும் என்பேன். விதிகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பது போதாது.

அப்படியென்றால் வழிகாட்டிகளிடமே காட்டை ஒப்படைத்துவிடலாமா? இங்கேதான் கென்யாவின் மாசாய் மாரா நினைவுக்கு வரவேண்டும். அங்கே பயணிகளில் பெரும்பாலோர் தொழில்முறை ஓட்டுநர்களின் வண்டியில் போகிறவர்கள். வானொலியில் சேதி பரவும். பல இடங்களில் வண்டிகள் புல்வெளிக்குள் இறங்கிவிடும். சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குவதாகவும், நெரிசலான பகுதிகளில் அது 0.2 ஆகச் சரிவதாகவும் கண்டது. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. மற்ற கொன்றுண்ணிகளுக்கு அஞ்சுவது. சுற்றி வண்டிகள் நின்றால் அதன் வேட்டை கெடும். வண்டிக்குள் இருந்தவர்களில் பலர் தேர்ந்த வழிகாட்டிகள் என்பது அந்தக் குட்டிகளைக் காப்பாற்றவில்லை. நெருக்கமான படம் கிடைத்தால் பயணி மகிழ்வார், மகிழ்ந்தால் அன்பளிப்பு கூடும் என்ற கணக்கு அறிவை வென்றுவிடுகிறது. க்ரூகரில் ஒன்றும் தெரியாத ஒருவர் ஓட்டினாலும் சாலையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விட்ட சிவிங்கிப்புலி விடுதலை பெற்றுவிடுகிறது. அந்த விதியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

படங்களைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. நம் சட்டகம் தார்ச்சாலையையும் பக்கத்துக் கார்களையும் வெட்டிவிட்டு மனிதச் சுவடே இல்லாத காட்டைக் காட்டுகிறது. பூங்காவின் வடகோடியில் பஃபுரியில் வாழ்ந்த மகுலெகே மக்களை 1969-ல் அரசு வலுக்கட்டாயமாக வெளியேற்றித்தான் அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. 1998-ல்தான் நிலவுரிமை அவர்களுக்குத் திரும்பியது. ஆளில்லாக் காடு என்ற அழகுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. படக்குறிப்பில் ஒரு வரி எழுதுவது படத்தைக் கெடுத்துவிடாது. காண்டாமிருகத்தின் படமோ இன்னும் ஆபத்தானது. க்ரூகரில் 2011-ல் சுமார் 10,600 ஆக இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் 2020-ல் சுமார் 2,600 ஆகக் குறைந்துவிட்டன; கொம்புக்காக நடக்கும் கள்ளவேட்டை அதன் பெரும் காரணம். கைப்பேசி படத்தோடு இடக்குறிப்பையும் பதிந்துவைக்கும். அதை நீக்காமல் படத்தை வெளியிடுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

மிச்சமிருப்பது எதைப் படமெடுப்பது என்ற கேள்வி. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்தின் பட்டியல் வேட்டைக்காரர்கள் சுடக் கடினமானவை என்று வகுத்தது. துப்பாக்கி போய்க் கேமரா வந்தபிறகும் பட்டியல் மாறவில்லை. அதன் பிடியில் இருப்பவர்கள் நம் பனங்காடையின் ஆப்பிரிக்க உறவான ஊதாமார்புப் பனங்காடை சாலையோரக் கிளையில் நிறங்களைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்தாமல் கடந்து போகிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டுநாயும் அந்த ஐந்தில் இல்லை. ஆனால் அழிவின் விளிம்பில் உள்ளது. ஒவ்வொன்றின் உடல் திட்டுகளும் கைரேகை போலத் தனி. அதை வைத்து 1980-களின் இறுதியிலிருந்தே க்ரூகரின் காட்டுநாய்களைப் பயணிகள் அனுப்பும் படங்களைக் கொண்டு கணக்கெடுத்து வருகிறார்கள். ஆய்வாளர்கள் கேட்பது பொன்வெளிச்சப் படங்களை அல்ல. நாயின் இடப்பக்கம், வலப்பக்கம், பார்த்த இடம், தேதி. சாலையில் நின்ற காரின் சன்னல் வழியே, சாதாரணக் கேமராவில் எடுத்த படமே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.