மெர்போக்கின் கருங்கல்

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் தாண்டி மெர்போக் போனால், ஜெராய் மலையடிவாரத்தில், ஓடையோரமாக நிற்கிறது சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற பழங்கோயில். கோபுரம் இல்லை, கூரை இல்லை. கருங்கல் அடித்தளமும் தாழ்ந்த சுவர்களும்தான். பாசியும் மழையும் கல்லைக் கருக்கியிருக்கின்றன.

முன்னே மண்டபம், பின்னே விமானம். நம் ஊர்க் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு உடனே புரிந்துவிடும். என்னை அதிகம் கட்டிப்போடுவது மண்டபத்துத் தூண்பீடங்கள்தான். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் சீராகக் குடைந்த ஒரு குழி. மரத்தூண் நின்ற இடம் அது. தூணும் கூரையும் மக்கிப் போய்விட்டன. ஆனால் எந்த இடைவெளியில் எத்தனை தூண் நின்றது என்று அந்தக் குழிகளை வைத்தே மனதில் மண்டபத்தை எழுப்பிவிடலாம். கல்லில் தென்னிந்தியத் திட்டம், மேலே இந்தக் காட்டு மரம்! எவ்வளவு அழகான கூட்டு.

1936-37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் இங்கே அகழ்ந்தார்கள். பிறகு அலாஸ்டர் லாம்ப் 1959இல் மீண்டும் தோண்டி, சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி நிறுத்தினார். கட்டடத்துக்குள் புதைத்து வைத்திருந்த கல்பேழைகளும் அப்போது கிடைத்தன.

பட்டினப்பாலை பேசும் காழகமும், 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரமும் இந்த வட்டாரம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. ரப்பர் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இந்தக் கோயில் நின்றது. இதே போன்ற இன்னொரு பழங்கோயிலான சுங்கை பத்துவின் 11ஆம் எண் சண்டியை 2013இல் தரைமட்டமாக்கியதை இன்னும் ஆறாமல் நினைக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். அந்தக் குழிகளில் கைவைத்துப் பார்க்கட்டும்.